விர் அசைத்த கை

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். நீங்கள் முன்பு ஒருமுறை எழுதியிருந்ததைப் படித்துவிட்டு 'பாபிலோன் 5' தொடரை நானும் என் கணவரும் பார்க்க ஆரம்பித்தோம். போன வாரம்தான் முடித்தோம். முடித்ததிலிருந்து வீட்டில் ஒரு வழக்கு ஓடிக்கொண்டிருக்கிறது. இரண்டாம் சீசனில் லோண்டோ ஆள் வைத்து நார்ன் குடியிருப்பைத் தாக்கச் சொல்கிறாரே, அந்த இடத்திலேயே அவர் யார் என்று தெரிந்துவிட்டது, அதற்குப் பிறகு அவர் வருந்தியதெல்லாம் நடிப்பு என்பது என் கட்சி. இக்கட்டில்தான் மனுஷன் வெளியே வருவான் என்று என் அப்பா சொல்வார். கணவரோ, ஒரு நாள் செய்ததை வைத்து ஒருவரை எடைபோடக் கூடாது என்கிறார். நீங்கள் யார் பக்கம்?

இன்னொரு சந்தேகம். பத்தாவது படிக்கும் மகனுக்கும் தொடரைக் காட்ட ஆசை. முதல் சீசன் மெதுவாகப் போகிறதே, அதை விட்டுவிட்டு இரண்டாவதிலிருந்து தொடங்கலாமா?

(பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட வாசகி)

*

அன்புள்ள சகோதரிக்கு,

தொடரைப் பார்க்காதவர்களுக்காக நாலு வரி சொல்லிவிடுகிறேன். 'பாபிலோன் 5' 1994 முதல் 1998 வரை அமெரிக்காவில் ஒளிபரப்பான அறிவியல் புனைவுத் தொடர். ஐந்து சீசன், 110 அத்தியாயங்கள். அவற்றில் 92 அத்தியாயங்களை ஜே. மைக்கேல் ஸ்ட்ராசின்ஸ்கி என்ற ஒரே மனிதர் எழுதினார். கதை 2258இல் தொடங்குகிறது. ஐந்து மைல் நீளமுள்ள விண்வெளி நிலையம், அதில் இரண்டரை லட்சம் பேர், பல உலகங்களின் தூதர்கள். லோண்டோ மொல்லாரி சென்டாரிகளின் தூதர். அவர்களின் பேரரசு ஒரு காலத்தில் பெரிதாக இருந்து தேய்ந்துபோனது. ஜி'கார் நார்ன்களின் தூதர். சென்டாரிகளிடம் அடிமைப்பட்டுக் கிடந்து விடுபட்ட இனம் அவருடையது. விர் கோட்டோ லோண்டோவின் உதவியாளன். எல்லோரும் கேலி செய்யும் பயந்தாங்கொள்ளி. இனி கதையின் முடிவு வரைக்கும் பேசப்போகிறேன், பார்க்க நினைப்பவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம்.

சரி, உங்கள் வழக்குக்கு வருகிறேன். நீங்கள் சொல்லும் அத்தியாயம் 'த கமிங் ஆஃப் ஷேடோஸ்'. 1996இல் ஹ்யூகோ விருது பெற்றது. மரணத்தை நெருங்கிவிட்ட சென்டாரிப் பேரரசர் நிலையத்துக்கு வருகிறார். தன் முன்னோர் செய்ததற்காக நார்ன்களிடம் மன்னிப்புக் கேட்பதற்காகவே வருகிறார், ஆனால் அது யாருக்கும் தெரியாது. ஜி'காருக்குத் தெரிந்ததெல்லாம் எதிரிகளின் அரசன் கைக்கெட்டும் தூரத்தில் வரப்போகிறான் என்பது மட்டும்தான். கொல்லத் தயாராகிறார். பேரரசர் வழியிலேயே சரிந்து விழுந்துவிட, அவர் சொல்ல வந்த செய்தியை நிலையத்தின் மருத்துவர்தான் ஜி'காரிடம் கொண்டுபோய்ச் சேர்க்கிறார். அதே நேரத்தில் வேறொரு அறையில் லோண்டோ, மர்மமான ஒரு சக்திக்காக வேலை செய்யும் மோர்டன் என்ற இடைத்தரகனை அழைத்துவரச் சொல்கிறார். வேண்டாம் என்று விர் கெஞ்சுகிறான். கடைசியில் அவனேதான் போய் அழைத்தும் வருகிறான். தாக்குதல் நடக்கிறது.

நீங்கள் அந்த உத்தரவைப் பிடித்துக்கொண்டீர்கள். எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது அதற்குப் பிறகு வரும் சில நொடிகள். ஜி'கார் லோண்டோவைத் தேடி வந்து, அவருக்கு ஒரு கோப்பை மது வாங்கிக் கொடுத்து, பேரரசரின் நலத்துக்காகக் குடிக்கிறார். ஆயுள் முழுக்க வெறுத்த ஒருவனிடம் முதல் தடவையாக மனம் திறந்து பேசுகிறார். அவருடைய மக்கள் அந்நேரம் செத்துக்கொண்டிருக்கிறார்கள் என்பது லோண்டோவுக்குத் தெரியும், ஜி'காருக்குத் தெரியாது.

தொலைவில் இருப்பவர்களைச் சாகடிக்க உத்தரவு போடுவது எளிது. அவர்களுக்கு முகம் கிடையாது, வெறும் ஊர்ப் பெயர்தான். இங்கே முகம் எதிரிலேயே நிற்கிறது, சிரிக்கிறது. லோண்டோ வாயைத் திறக்கவில்லை. அவர் யார் என்று எனக்குத் தெரிந்தது இந்த இடத்தில்தான். ஆனால் உங்களுக்குத் தெரிந்தது ஒன்று, எனக்குத் தெரிந்தது வேறு. லோண்டோவாக நடித்த பீட்டர் ஜுராசிக்கின் முகத்தை அந்த இடத்தில் இன்னொரு முறை பாருங்கள். நெஞ்சில் ஈரமில்லாதவன் அந்தக் கோப்பையை வாங்கிக் குடித்துவிட்டுப் போயிருப்பான். லோண்டோவின் முகம் அப்படியே இடிந்துபோகிறது. செய்தது தப்பு என்று தெரிந்தே செய்தவன், அதிலிருந்து திரும்பும் வழியும் தெரியாதவன், அப்படி ஒருவனுடைய முகம் அது. அதை நடிப்பு என்று என்னால் சொல்ல முடியவில்லை.

அதே சீசனின் இறுதியில் நார்ன் தாயுலகத்தின் மீது சென்டாரிக் கப்பல்கள் விண்கற்களை ஏவுகின்றன. உடன்படிக்கைகள் தடைசெய்த ஆயுதம் அது. லோண்டோ ஒரு கப்பலின் சாளரத்தருகே நின்று பார்த்துக்கொண்டிருக்கிறார். வசனமே கிடையாது. கண்ணாடியில் அவர் முகமும், அதற்கு அப்பால் எரியும் உலகமும். தான் கேட்டது இதைத்தான் என்று அப்போதுதான் அவருக்கு உறைக்கிறது. முதல் சீசனிலேயே மோர்டன் அவரிடம் உனக்கு என்ன வேண்டும் என்று கேட்டிருந்தான். பழைய பெருமையெல்லாம் திரும்ப வேண்டும் என்று லோண்டோ ஆவேசமாகச் சொன்னார். வயதான, ஏமாந்துபோன ஒரு மனிதரின் புலம்பல் என்றுதான் அன்று நாம் அதைக் கேட்டோம். பெருமை திரும்ப வந்தால் எப்படியிருக்கும் என்பதை இந்தச் சாளரம் காட்டிவிடுகிறது.

அதே கேள்வியை மோர்டன் விரிடமும் ஒருநாள் கேட்கிறான். தொடரில் பலருக்கும் பிடித்த இடம் அது. உன் தலையை வெட்டி ஈட்டியில் செருகி வைத்திருப்பதை நான் உயிரோடிருந்து பார்க்க வேண்டும், அதைப் பார்த்து இப்படிக் கையசைக்க வேண்டும் என்று சொல்லி, விரல்களை மட்டும் மெல்ல ஆட்டிக் காட்டுகிறான் விர். முதல் தடவை பார்த்தபோது நானும் கைதட்டினேன். அப்புறம் பல தடவை பார்த்துவிட்டேன். இப்போது கைதட்ட வருவதில்லை, காரணத்தைப் பின்னால் சொல்கிறேன்.

விரைப் பற்றிச் சொல்லும்போது அந்த மின்தூக்கிக் காட்சியை விட முடியாது. நார்ன் வீழ்ந்த பிறகு நடக்கிறது. உள்ளே விரும் ஜி'காரும் மட்டும். நடந்ததற்காக வருந்துகிறேன், சொல்லிப் பார்த்தேன், அவர்கள் கேட்கவில்லை என்கிறான் விர். ஜி'கார் கத்தியால் தன் உள்ளங்கையைக் கீறிக்கொள்கிறார். சொட்டும் ஒவ்வொரு துளிக்கும் 'இறந்தார், இறந்தார்' என்று எண்ணுகிறார். இவர்களிடம் எப்படி மன்னிப்புக் கேட்பாய் என்கிறார். முடியாது என்கிறான் விர். அப்படியானால் என்னாலும் மன்னிக்க முடியாது என்று சொல்லிவிட்டுப் போகிறார் ஜி'கார்.

சொல்லிப் பார்த்தேன் என்று விர் சொன்னது பொய்யல்ல. ஆனால் மோர்டனை அழைத்து வந்தது அவன் கால்கள்தான். அது அவனுக்கு ஞாபகம் இருக்கிறது என்றே, முடியாது என்ற அந்தப் பதிலை நான் எடுத்துக்கொள்கிறேன்.

பிறகு அவன் என்ன செய்கிறான் என்பதை மூன்றாம் சீசனின் நடுவில்தான், அதுவும் தற்செயலாக, தெரிந்துகொள்கிறோம். மின்பார் என்ற வேறொரு உலகத்துக்குத் தூதனாக அனுப்பப்பட்டவன், ஆபிரகாமோ லிங்கனி என்ற பெயரில் இல்லாத ஒரு சென்டாரி அதிகாரியை உண்டாக்கி, அவன் கையெழுத்தில் ஆவணங்கள் போட்டு, இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட நார்ன்களை இறந்துவிட்டதாகக் கணக்கு எழுதித் தப்பவைத்திருக்கிறான். அமெரிக்காவில் அடிமை முறையை ஒழித்த லிங்கனின் பெயர்தான் அது. துப்பாக்கி தூக்கத் தெரியாதவனுக்குப் பேனா பிடிக்கத் தெரிந்திருக்கிறது. இதை யாரிடமும் சொல்லிக்கொள்ளவும் இல்லை. மின்தூக்கியில் கேட்ட கேள்விக்கு அவன் எழுதிய பதில் இது என்றே எனக்குத் தோன்றுகிறது. இறந்தவர்களிடம் மன்னிப்புக் கேட்க முடியாதுதான், உயிரோடிருப்பவர்களைப் பொய்யாக இறந்தவர்கள் ஆக்கலாமே.

நான்காம் சீசனில் அவன் கையாலேயே ஒரு கொலை நடக்கிறது. கார்டாஜியா என்ற பைத்தியக்காரப் பேரரசனை விஷ ஊசி போட்டுக் கொல்வது லோண்டோவின் திட்டம். கைகலப்பில் ஊசி தவறி விழ, விர் எடுத்துக் குத்திவிடுகிறான். பிறகு குடித்துவிட்டு அழுகிறான். நல்ல வேலை, சின்னதாக ஒரு பட்டம், தன்னை விரும்பும் ஒரு மனைவி, இதற்கு மேல் எதற்கும் ஆசைப்படவில்லையே என்கிறான். பக்கத்தில் உட்கார்ந்து தேற்றுவது யார்? லோண்டோ. உனக்கு நல்ல மனசு, அதனால்தான் வலிக்கிறது என்கிறார். தானும் ஒரு காலத்தில் எப்படி இருந்திருக்கலாம் என்பதை அவர் இந்தப் பையனிடம் பார்க்கிறார். உங்கள் கட்சிக்கு எதிரான என்னுடைய பெரிய சாட்சி இந்தக் காட்சி.

இதற்கு அடுத்த அத்தியாயத்திலேயே மோர்டனின் தலை ஈட்டியில் இருக்கிறது. விர் தோட்டத்தில் நின்று அதைப் பார்த்து, அன்று சொன்னபடியே விரல்களை ஆட்டுகிறான். ஒரு கொடுங்கோலனைக் கொன்றதற்காகக் கதறிய அதே ஆள். இந்த இரண்டில் எது உண்மையான விர்? உங்கள் அப்பா கணக்குப்படி ஒன்றைத்தான் எடுக்க முடியும். எனக்கு இரண்டுமே அவன்தான். சாதுவின் மனதிலும் ஒரு தலையை ஈட்டியில் பார்க்கும் ஆசை இருக்கும், அது நிறைவேறினால் அவன் சிரிக்கவும் செய்வான். விராக நடித்த ஸ்டீபன் ஃபர்ஸ்ட் அந்தச் சிரிப்பை அவ்வளவு இயல்பாகச் செய்திருக்கிறார், எனக்குக் கொஞ்சம் பயமாகவே இருக்கிறது.

உங்கள் அப்பா சொன்னது உரைகல்லைப் போன்ற ஒரு நம்பிக்கை. தங்கம் முன்பே தங்கம், கல் அதைக் காட்டிக்கொடுக்கிறது, அவ்வளவுதான். அந்தக் காலத்து அமெரிக்கத் தொடர்கள் பலவற்றுக்கு இது பொருந்தும். ஒரு வாரம் நாயகனுக்குச் சோதனை வரும், அவன் நல்லவன் என்று தெரியும், அடுத்த வாரம் எல்லாம் பழையபடி. ஸ்ட்ராசின்ஸ்கி ஐந்து வருடக் கதையை முன்கூட்டியே யோசித்து வைத்து எழுதியதால், இங்கே ஒரு நாள் எடுத்த முடிவு மறுநாள் அழிந்துபோவதில்லை. கடன் மாதிரி வட்டியோடு நிற்கிறது. அதை ஒருவர் எப்படிக் கட்டுகிறார் என்பதிலும் அவர் குணம் இருக்கிறது. லோண்டோ கட்ட முடியாமல் கட்டுகிறார்.

ஜி'காரையும் பாருங்கள். மூன்றாம் சீசனின் தொடக்கத்தில், குண்டுவெடிப்பில் சேதமான மின்தூக்கிக்குள் அவரும் லோண்டோவும் மாட்டிக்கொள்கிறார்கள். ஒரு சென்டாரியைக் கொன்றால் 500 நார்ன்களைக் கொல்வோம் என்பது சென்டாரிகளின் சட்டம். இங்கே கையைத் தூக்கவே வேண்டாம், சும்மா இருந்தால் லோண்டோ தானாகச் செத்துவிடுவார். ஜி'கார் உதவாமல் உட்கார்ந்து சிரிக்கிறார். அதோடு நிறுத்தியிருந்தால் அவரையும் வெறுப்பால் வெந்துபோனவர் என்று முடித்துவிடலாம். பின்னால் சவுக்கடி வாங்கி, ஒரு கண்ணைப் பறிகொடுத்து, தன் மக்கள் அரியணை தந்தபோது அதை மறுத்தவரும் இவர்தான். கடைசி சீசனில் லோண்டோவிடம் சொல்கிறார்: என் மக்கள் உங்கள் மக்களை ஒருபோதும் மன்னிக்க முடியாது, ஆனால் நான் உன்னை மன்னிக்க முடியும் என்று. விரிடம் சொன்னதை அவர் மாற்றிக்கொள்ளவே இல்லை. செத்தவர்கள் சார்பில் மன்னிக்க அவருக்கு உரிமை கிடையாது. தன் பங்கை மட்டும் கொடுக்கிறார். புள்ளிகள் நிறைந்த முகமூடியும் சிவப்பு விழிவில்லைகளும் அணிந்துகொண்டு ஆண்ட்ரியாஸ் கட்சுலாஸ் இதைச் சொல்லும் விதத்துக்கு ஈடாக இன்னொன்றைத் தொலைக்காட்சியில் நான் பார்த்ததில்லை. அவர் 2006இல் காலமானார்.

ஆகவே உங்கள் கணவர் பக்கம் நிற்கிறேன், ஆனால் முழுதாக அல்ல. லோண்டோ செய்தது செய்ததுதான். அவர் வருத்தம் ஒரு நார்னையும் திரும்பக் கொண்டுவராது. அவர் வருத்தம் பொய் என்று மட்டும் சொல்லாதீர்கள்.

மகன் விஷயம். முதல் சீசனைத் தாண்டவே கூடாது. முதல் அத்தியாயத்திலேயே லோண்டோ ஒரு கனவைச் சொல்கிறார், வயதான காலத்தில் தானும் ஜி'காரும் ஒருவர் கழுத்தை ஒருவர் நெரித்தபடி சாவதாக. அந்தக் கனவு பலிக்கிறது. பலிக்கும்போது, தன்னை ஆட்டிப்படைக்கும் ஒட்டுண்ணி மயக்கத்தில் இருக்கும் சில நிமிடங்களுக்குள் கொன்றுவிடு என்று லோண்டோவே கேட்டுக்கொள்ள, ஜி'கார் அந்த உதவியைச் செய்ய வருகிறார். முதல் நாள் பகையாகத் தெரிந்த அதே இரண்டு கைகள். கனவைக் கேட்காதவனுக்கு அது வெறும் சாவாகிவிடும். மெதுவாகப் போனால் போகட்டும், அவனை முதல் அத்தியாயத்திலிருந்தே உட்கார வையுங்கள். முடிவை மட்டும் முன்கூட்டிச் சொல்லிவிடாதீர்கள்.

அன்புடன்.