நொதியைப் போல மூலக்கூறைத் தேர்ந்தெடுத்து வேலை செய்யும் திட வினையூக்கியை உருவாக்க முடியுமா?

ஓரளவுக்கு முடியும். ஜியோலைட் எனப்படும் நுண்துளைப் படிகங்கள்தான் இதில் அதிக தூரம் போயிருக்கின்றன. என் முனைவர் பட்ட ஆய்வு இவற்றில்தான் என்பதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன். பலரும் துளையின் அளவை மட்டும் சொல்லிவிட்டு "நொதி மாதிரி" என்று முடித்துவிடுகிறார்கள். அது பாதிக் கதைதான்.

சரி, அந்தப் பாதியை முதலில் பார்த்துவிடலாம். இசட்எஸ்எம்-5 என்ற ஜியோலைட்டை மொபில் எண்ணெய் நிறுவனத்தார் உருவாக்கினார்கள். காப்புரிமை 1972இல் வந்தது. அதன் துளை சுமார் 0.55 நானோமீட்டர். டொலுயீனிலிருந்து சைலீன் தயாரிக்கும்போது ஆர்த்தோ, மெட்டா, பாரா என மூன்று மாற்றியங்கள் (அதே அணுக்கள், வேறு வேறு அமைப்பு) வரும். தேவை அதிகம் இருப்பது பாராவுக்கு. பாலியெஸ்டர் நூலும் பெட் பாட்டிலும் அதிலிருந்துதான் தொடங்குகின்றன. சமநிலைக்கு விட்டால் பாரா கால் பங்குக்கும் சற்றுக் குறைவாகவே கிடைக்கும். இசட்எஸ்எம்-5க்குள் மூன்றும் உருவானாலும், ஒல்லியான பாரா மட்டும் வேகமாக வெளியேறிவிடும். மற்ற இரண்டும் உள்ளேயே சிக்கிக்கொண்டு மெல்ல மெல்லப் பாராவாக மாறும். படிகத்தின் வெளிப்பரப்பைப் பக்குவமாக மூடிவிட்டால் சைலீனில் பாராவின் பங்கு 90 சதவீதத்தையும் தாண்டும்.

தொழிலில் இது பெரிய வெற்றி. ஆனால் இங்கே தேர்வு நடப்பது வெளியேறும் வழியில்தான். உள்ளே இருக்கும் அமில மையத்துக்கு எந்த மாற்றியம் உருவானாலும் ஒன்றுதான். நொதி அப்படி இல்லை. அதன் குழிக்குள் உலோக அயனியோ அமினோ அமிலமோ குறிப்பிட்ட இடத்தில் இருந்து, மூலக்கூறைப் பிடித்து, குறிப்பிட்ட பிணைப்பில் மட்டும் கை வைக்கும்.

அந்த வகையில் எனக்கு மிகவும் பிடித்த உதாரணம் வெள்ளீயம் சேர்த்த பீட்டா என்ற வகை ஜியோலைட். குளுக்கோஸை ஃபிரக்டோஸாக மாற்ற ஆலைகளில் சைலோஸ் ஐசோமரேஸ் என்ற நொதியைப் பயன்படுத்துகிறார்கள். அந்த நொதியில் உள்ள உலோக அயனிகள் சர்க்கரையின் ஆக்சிஜன்களைப் பிடித்துக்கொள்ள, இரண்டாம் கார்பனில் இருக்கும் ஹைட்ரஜன் ஹைட்ரைடாக, அதாவது பிணைப்பின் இரண்டு எலக்ட்ரான்களையும் எடுத்துக்கொண்டு, முதல் கார்பனுக்குத் தாவும். 2010இல் அமெரிக்காவின் கால்டெக் பல்கலைக்கழகத்தில் மார்க் டேவிஸ் குழுவினர், பீட்டாவின் சட்டகத்தில் தனித்தனியாக அமர்ந்த வெள்ளீய அணுக்களும் இதே மாற்றத்தை நீரிலேயே செய்வதைக் காட்டினார்கள். டியூட்டீரியம் (கனமான ஹைட்ரஜன்) பதித்த குளுக்கோஸை வைத்துப் பார்த்ததில் வழிமுறையும் அதே ஹைட்ரைடு தாவல்தான். புரதமே இல்லாத ஒரு வெள்ளைப் பொடி இதைச் செய்கிறது என்பது எனக்கு இன்றும் வியப்பாக இருக்கிறது.

இதில் துளைக்கு வேறொரு வேலையும் இருக்கிறது. சிலிக்கா சுவர்கள் நீரை அவ்வளவாக விரும்பாதவை. வெள்ளீய மையத்தை நீர் சூழ்ந்து முடக்கிவிடாமல் காக்கின்றன. நொதியின் குழியும் பல நேரங்களில் இதைத்தான் செய்கிறது.

இதைத் தயாரிப்பது பொறுமையைச் சோதிக்கும். ஃபுளோரைடு சேர்த்த கூழை ஆட்டோகிளேவ் என்ற மூடிய அழுத்தக் கலனில் வாரக்கணக்கில் சூடாக்க வேண்டும். வெள்ளீயம் சட்டகத்துக்குள் போனாலும் சரி, ஆக்சைடாகத் தனியே ஒதுங்கினாலும் சரி, பொடி ஒரே மாதிரி வெள்ளையாகத்தான் இருக்கும். புறஊதா நிறமாலை எடுத்த பிறகுதான் வித்தியாசம் தெரியும்.

நொதியோடு நேராக ஒப்பிட்டால்? அமிலக் கரைசலிலும், 100 டிகிரி செல்சியஸுக்கு மேலும் வெள்ளீய பீட்டா வேலை செய்யும். ஆலைகளில் பயன்படும் நொதியால் அது முடியாது. ஆனால் கூடவே மானோஸ் என்ற வேறொரு சர்க்கரையும் கொஞ்சம் உண்டாகிவிடுகிறது. சுத்தமான தேர்வு என்று பார்த்தால் நொதிக்குத்தான் என் ஓட்டு.

அப்புறம், குழியையே வினைக்குத் தகுந்தபடி வடிவமைக்கும் முயற்சியும் உண்டு. மூலக்கூறு உருமாறும் நடுக்கட்டத்தில் எந்த வடிவத்தில் இருக்குமோ, அதை ஒத்த ஒரு கரிம அயனியைச் சுற்றி ஜியோலைட்டை வளர்த்து, பிறகு அந்த அயனியை எரித்து நீக்கிவிடுவது. ஸ்பெயினின் வலென்சியாவில் அவெலினோ கோர்மா குழுவினர் 2017இல் இப்படிச் செய்து காட்டினார்கள். நொதிகள் வேகம் பெறுவதும் அந்த நடுக்கட்ட வடிவத்தைத் தாங்கிப் பிடிப்பதால்தான் என்பதால், எனக்கு அதிக நம்பிக்கை தருவது இந்தப் பாதைதான்.

ஜியோலைட்டுகள் இன்னும் வெகுவாகப் பின்தங்கியிருப்பது இடக்கையும் வலக்கையும் போல ஒன்றுக்கொன்று கண்ணாடிப் பிம்பமாக இருக்கும் மூலக்கூறுகளைப் பிரித்தறிவதில். ஒரே கை வடிவம் மிகுந்த ஜியோலைட் படிகங்களைச் செய்திருக்கிறார்கள். ஆனால் வினையில் கிடைத்த வேறுபாடு சிறிதுதான். ஆகவே ஒரே கை வடிவம் கட்டாயமாகத் தேவைப்படும் மருந்து மூலக்கூறு உங்கள் மனதில் இருந்தால், இப்போதைக்கு ஜியோலைட்டை நம்பாமல் நொதியையோ, கரைசலில் இயங்கும் உலோக அணைவுச் சேர்மத்தையோ நாடுங்கள்.