டம்ளர் வைத்த சத்தம்

கேள்வி: பக்கவாதத்தில் விழுந்த என் மாமியாரை ஆறு வருடம் நான்கு மாதமாக நான் ஒருத்திதான் பார்த்துக்கொள்கிறேன். இடது பக்கம் அசைவில்லை. கணவர் வேலை வேலை என்று ஓடுகிறார். கொழுந்தனார் கிறிஸ்துமஸுக்கு வந்து, தலைமாட்டில் நின்று ஜெபித்துவிட்டுப் போவார். போன வாரம் ஒரே இரவில் மூன்றாவது முறையாக அத்தை கூப்பிட்டபோது, தண்ணீர் டம்ளரை ணங்கென்று மேசைமேல் வைத்துவிட்டேன். அவர் நடுங்கிப்போய், “மன்னித்துக்கொள்ளம்மா” என்றார். போதகரிடம் சொன்னேன். “இது உங்கள் சிலுவை, சந்தோஷமாய்ச் சுமங்கள்” என்றார். தன்னையே கொடுக்கும் அன்பு எனக்கு இல்லையா? இரண்டு நாள் ஓய்வு கேட்பது பாவமா?
- பெயர் வேண்டாம்

பதில்: அன்புச் சகோதரிக்கு, ஓய்வு கேட்பது பாவமல்ல. அந்தப் பதைப்போடு நீங்கள் மீதியைப் படிக்க வேண்டாம் என்பதற்காகவே முதலில் சொல்லிவிடுகிறேன்.

உங்கள் கடிதத்தில் என் கண் நின்ற இடம் டம்ளர் அல்ல, அந்த “நான்கு மாதம்”. மாதக் கணக்குவரை மனம் எண்ணி வைத்திருக்கிறது. என் தந்தை படுக்கையில் இருந்த காலத்தில் நானும் இப்படித்தான் எண்ணினேன். தம்பி விழித்த இரவுகள் எத்தனை, நான் விழித்தவை எத்தனை என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். அன்பு “தீங்கு நினையாது” என்று பவுல் எழுதிய இடத்தில், மூல கிரேக்கச் சொல் கணக்கு எழுதுவதற்கும் வழங்கிய சொல் என்று பிற்பாடு படித்தபோது எனக்குச் சுருக்கென்றது. உங்களைக் குத்துவதற்காக இதைச் சொல்லவில்லை. அந்தப் பேரேட்டைத் திறக்க வைத்தது எது என்று பார்க்கத்தான்.

ஆறு வருடத்துக்கு முன், “உன்னால் முடியுமா, உனக்குச் சம்மதமா?” என்று யாராவது உங்களைக் கேட்டார்களா? கேட்டிருக்க மாட்டார்கள் என்றே நினைக்கிறேன். வீட்டில் இருப்பவள் நீங்கள். பொறுப்பு உங்கள் தலையில் வந்து விழுந்தது. இயேசு தம் உயிரைப் பற்றிச் சொன்னதை யோவான் 10:18-இல் பாருங்கள்: அதை ஒருவனும் தம்மிடமிருந்து எடுத்துக்கொள்வதில்லை, தாமே கொடுப்பதாகச் சொல்கிறார். உங்களிடம் எடுத்துக்கொண்டார்கள், சகோதரி. உங்கள் வீட்டார் அதற்குத் தியாகம் என்று பெயர் வைத்துவிட்டார்கள். கொடுப்பதைப் பற்றிப் பேசும்போது பவுலும் “விசனமாயுமல்ல, கட்டாயமாயுமல்ல” என்கிறார். அது காணிக்கையைப் பற்றி எழுதியது; ஆனாலும் பணத்துக்குச் சொன்னது தூக்கமில்லாத இரவுக்குப் பொருந்தாமல் போகாது.

போதகர் சிலுவையைச் சொன்னார். சரி, அந்த வழியிலேயே கொஞ்ச தூரம் போவோம். சுமக்கச் சொன்ன இயேசுவின் சிலுவையையே பாதி வழியில் சிரேனே ஊரானாகிய சீமோன்மேல் வைத்தார்கள். அவனும் தானாக முன்வந்தவன் அல்ல. எங்கிருந்தோ வந்துகொண்டிருந்தவனைப் பிடித்துத் தூக்கச் சொன்னார்கள். உங்கள் கொழுந்தனாரையும் பிடித்துத்தான் ஆக வேண்டும். ஜெபம் முடிந்து அவர் செருப்பைத் தேடும் நேரம்தான் அதற்கு ஏற்றது!

நல்ல சமாரியன் கதையில் நாம் கவனிக்காமல் தாண்டிப்போகும் வரி ஒன்று உண்டு. மறுநாள் அவன் புறப்பட்டுப் போகிறான். காயம்பட்டவனைச் சத்திரக்காரனிடம் ஒப்படைத்து, இரண்டு பணம் கொடுக்கிறான். அது ஒரு கூலியாளின் இரண்டு நாள் சம்பளம். மேற்கொண்டு செலவானால் திரும்பி வரும்போது தருகிறேன் என்கிறான். எண்ணெய் வார்த்து, காயம் கட்டி, தன் வாகனத்தில் ஏற்றி, இரவு முழுக்கக் கூட இருந்தவன் அவன். அவனுக்கும் போக வேண்டிய வழி இருந்தது. அதற்காக இயேசு அவனைக் குறைத்துச் சொல்லவில்லை.

தன்னையே கொடுத்தவர்கள் உதவி கேட்க மாட்டார்கள் என்று எண்ணாதீர்கள். தொழுநோயாளிகளோடு வாழ 1873-இல் ஹவாயின் மொலக்காய் தீவுக்குப் போன கத்தோலிக்கக் குரு தந்தை தாமியேன், அதே நோய் கண்டு 1889-இல் இறந்தார். அவரைவிடப் பெரிய உதாரணம் எனக்குத் தெரியவில்லை. அந்த மனிதர் ஆள் அனுப்புங்கள், பொருள் அனுப்புங்கள் என்று மேலிடத்தை ஓயாமல் நச்சரித்தவர். 1886-இல் ஜோசப் டட்டன் என்ற தொண்டர் வந்தார், 1888-இல் கன்னியாஸ்திரி மரியான் கோப் தம் சபைச் சகோதரிகளோடு வந்தார். கடைசி மாதங்களில் தாமியேனையே பராமரிக்க அந்தக் கைகள் தேவைப்பட்டன.

இனி டம்ளர். அந்த இரவு நீங்கள் சத்தமிட்டு வைத்தீர்கள். மன்னிப்புக் கேட்டது அவர். கேட்க வேண்டியவர் மாறிவிட்டார். தான் பாரமாகிவிட்டோம் என்று அவர் ஆறு வருடமாக நினைத்துக்கொண்டிருக்கக்கூடும், அதை வாய்விட்டுச் சொன்னது அன்றுதான். பகலில், இருவருக்கும் களைப்பு இல்லாத வேளையில், பக்கத்தில் உட்கார்ந்து, “அத்தை, அன்றைக்கு உங்கள்மேல் கோபமில்லை, தூக்கமில்லாத கோபம்” என்று சொல்லிவிடுங்கள். சோர்வை மறைத்து முகத்தில் சிரிப்பை ஒட்டிக்கொண்டு போனால் படுத்திருப்பவருக்கு அது உடனே தெரிந்துவிடும். வலது கை அசைகிறது என்றால் அதற்கு வேலை கொடுங்கள். துவைத்த துண்டுகளை மடிப்பது, உங்களுக்காகத் தலையில் கைவைத்து ஜெபிப்பது, எதுவானாலும் சரி. பெற்றுக்கொண்டே இருப்பவருக்கும் கொடுக்க ஏதாவது வேண்டும்.

எப்போதாவது கோபம் டம்ளரைத் தாண்டிக் கைக்கு வருவதுபோல் தோன்றினால், அவர் பத்திரமாக இருக்கிறாரா என்று பார்த்துவிட்டு அறையைவிட்டு வெளியே வந்துவிடுங்கள். அதை மருத்துவரிடம் சொல்லுங்கள். போதகரிடம் மட்டும் சொல்லி நிறுத்திவிடாதீர்கள்.

உங்கள் கணவரிடம் “கொஞ்சம் உதவுங்கள்” என்று கேட்காதீர்கள். “கொஞ்சம்” என்பதை யாரும் செய்ததில்லை. “சனிக்கிழமை இரவு உங்களுடையது, நான் அடுத்த அறையில் கதவைச் சாத்திக்கொண்டு தூங்குவேன்” என்று சொல்லுங்கள். முதல் சனிக்கிழமை அவருக்குப் படுக்கை விரிப்பை மாற்றத் தெரியாது. ஒருமுறை காட்டிக்கொடுத்துவிட்டுப் போய்ப் படுங்கள், நடுவில் எழுந்து வந்து திருத்த வேண்டாம். கொழுந்தனாருக்கு இன்றைக்கே எழுதுங்கள். நலம் விசாரித்து ஒரு வரி, பிறகு நேரே விஷயம்: எந்தத் தேதியில் வந்து எந்தத் தேதிவரை அவர் அம்மாவோடு இருக்க வேண்டும் என்று. “உங்களுக்கு வசதிப்படும்போது” என்ற சொற்றொடரை மட்டும் மறந்தும் சேர்த்துவிடாதீர்கள்.