நுண்துகள்கள்: உங்கள் கேள்விகளுக்குப் பதில்கள்

கேள்வி: வண்டிகளும் ஆலைகளும் ஆண்டு முழுவதும் ஓடுகின்றன. குளிர்காலத்தில் மட்டும் காற்று ஏன் இவ்வளவு கெடுகிறது?

பதில்: குளிர்கால இரவில் தரையை ஒட்டிய காற்று குளிர்ந்துவிடும், அதன்மேல் வெதுவெதுப்பான அடுக்கொன்று மூடிபோல் அமரும். பகலில் ஒரு கிலோமீட்டருக்கு மேலும் எழும்பிக் கலையும் புகை, அப்போது சில நூறு மீட்டருக்குள் அடைபடும். 1952 டிசம்பரில் லண்டனை வாட்டிய புகைமூட்டத்துக்கு நிலக்கரியோடு இந்த அடைப்பும் காரணம்.

கேள்வி: வீட்டுக்குள் செடி வைத்தால் காற்றில் மிதக்கும் நுண்துகள் (கண்ணுக்குத் தெரியாத தூசும் புகைத்துகளும்) குறையுமா?

பதில்: குறிப்பிடும்படி குறையாது.

கேள்வி: காற்றிலுள்ள நுண்துகளைக் காட்டும் என் சிறிய அளவி பனிமூட்டமான விடியற்காலையில் எகிறுகிறதே?

பதில்: அது துகள்களை எடைபோடுவதில்லை, அவை சிதறடிக்கும் ஒளியை வைத்துக் கணக்கிடுகிறது. ஈரப்பதம் மிகுந்தால் துகள்கள் நீரை உறிஞ்சிப் பருக்கும், எண்ணும் ஏறும். நாளுக்கு நாள் மாறும் போக்கைப் பாருங்கள்.

கேள்வி: எந்தக் காற்றுச் சுத்திகரிப்பான் வாங்கலாம்?

பதில்: ஹெப்பா வடிகட்டி (மிக நுண்ணிய துகள்களையும் பிடிக்கும் வடிகட்டி) கொண்ட, அறையின் அளவுக்கேற்ற ஒன்றை வாங்குங்கள். ஓசோன் உமிழும் கருவியை வாங்கவே வேண்டாம். ஓசோன் நுரையீரலைப் புண்படுத்தும்.

கேள்வி: எரிபொருளிலுள்ள கந்தகம் எரிவதால் உருவாகும் சல்பேட் துகள்கள் பூமியைக் குளிர்விக்கின்றனவாமே! அவற்றை ஏன் அகற்ற வேண்டும்?

பதில்: வெயிலைத் திருப்பி அனுப்பிக் குளிர்விப்பது உண்மை. 1991இல் பிலிப்பைன்ஸின் பினதுபோ எரிமலை வெடித்தபின் உலகச் சராசரி வெப்பநிலை சுமார் அரை டிகிரி குறைந்தது. ஆனால் அந்தத் துகள்கள் மழை மேகங்களுக்கு மேலுள்ள அடுக்கு மண்டலத்துக்கு ஏறியதால் ஓரிரு ஆண்டுகள் தங்கின. நகரத்துச் சல்பேட்டை மழை சில நாட்களில் கழுவிவிடும். கரியமில வாயுவின் விளைவோ நூற்றாண்டுகள் நீடிக்கும். நாள்கணக்கில் தங்குவதைக் கொண்டு அதை ஈடுகட்ட, ஓயாமல் புகை கக்க வேண்டும். அதை மனிதர்கள் சுவாசிக்க வேண்டும்.

கேள்வி: (அதே வாசகர்) 2020இல் கப்பல் எரிபொருளின் கந்தக வரம்பை 3.5 சதவீதத்திலிருந்து 0.5 ஆக்கினார்கள். வெப்பம் கூடத்தானே செய்யும்?

பதில்: ஓரளவு கூடும், மறுக்கவில்லை. சல்பேட் மறைத்திருந்த வெப்பம் வெளிப்படுகிறது. அதை உண்டாக்கியவை பசுங்குடில் வாயுக்கள். மீத்தேனையும் கரும்புகையையும் சேர்த்தே குறைத்தால் அந்த ஏற்றத்தில் ஒரு பகுதியைத் தடுக்கலாம். வெளிக்காற்று மாசு புற்றுநோய்க் காரணி என்று உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை 2013இலேயே அறிவித்துவிட்டது. இந்தச் சல்பேட் மாசை வெப்பத்தைத் தடுக்கும் குடை என்று நான் ஒருபோதும் பரிந்துரைக்க மாட்டேன்.

கேள்வி: (மற்றொருவர்) அப்படியானால் கரும்புகையும் குளிர்விக்குமா?

பதில்: இல்லை. அது ஒளியை உறிஞ்சிச் சூடேற்றும். துகளின் வேதியியலைப் பார்க்காமல் எல்லாவற்றையும் ஒரே கணக்கில் சேர்க்காதீர்கள்.

கேள்வி: எந்தச் செடி காற்றை நன்றாகச் சுத்தம் செய்யும்?

பதில்: மேலே சொல்லிவிட்டேன்.

கேள்வி: குழந்தைக்கு ஆஸ்துமா. காற்றைச் சுத்தம் செய்ய அயனி (மின்னேற்றத் துகள்) உமிழும் கருவி வைத்திருக்கிறோம், மருந்தைக் குறைக்கலாமா?

பதில்: மருந்தை மருத்துவரைக் கேட்காமல் குறைக்காதீர்கள். அயனிக் கருவிகள் பலவும் ஓசோனை உண்டாக்கும். இன்றே அணைத்துவிடுங்கள்.