கேள்வி-பதில்: சொட்டு மருந்து விட்ட கண்ணோடு ஃபிரேம் வாங்காதீர்கள்

இந்த முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை கண் டாக்டரிடம் போவது, கண்ணாடி வாங்குவது பற்றியவை. நீளமானவற்றை வெட்டியிருக்கிறேன். "சுருக்கமாகச் சொல்கிறேன்" என்று ஆரம்பித்து நாலு பக்கம் எழுதியவர் கோபித்துக்கொள்ள வேண்டாம்.

கே: பல வருடம் கழித்துக் கண் பரிசோதனைக்குப் போகிறேன். என்னென்ன எடுத்துப் போக வேண்டும்?

ப: வீட்டில் இருக்கிற கண்ணாடி எல்லாவற்றையும். போட்டிருப்பது, படிக்க மட்டும் வைத்திருப்பது, காது உடைந்து அலமாரியில் கிடப்பது, எல்லாம். லென்ஸ் முழுசாக இருந்தால் போதும், மெஷினில் வைத்துப் பழைய பவரைப் படித்துவிடுவார்கள். பவர் எவ்வளவு நகர்ந்திருக்கிறது என்பது டாக்டருக்கு முக்கியம். பவர் எழுதிக் கொடுத்த பழைய சீட்டு இருந்தால் அதையும் எடுத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம், சாப்பிடும் மருந்துகளின் பட்டியல். "அது மூட்டுக்கு, கண்ணுக்கு இல்லையே" என்று விட்டுவிடாதீர்கள். மூட்டுவாதத்துக்குக் கொடுக்கிற ஹைட்ராக்ஸிகுளோரோகுயின் வருடக்கணக்கில் சாப்பிட்டால் விழித்திரையைப் பாதிக்கலாம். காசநோய்க்கான எதாம்புடால் பார்வை நரம்பைத் தொடும். ஸ்டீராய்டு கண் அழுத்தத்தை ஏற்றும், புரையையும் கொண்டுவரும். ஆண்களுக்குப் புராஸ்டேட் தொல்லைக்குத் தரும் டாம்சுலோசின் புரை ஆபரேஷனின்போது கண்ணின் பாப்பாவைச் சுருங்க வைத்துச் சிக்கல் பண்ணும், அதனால் கத்தி எடுப்பதற்கு முன்பே சர்ஜனுக்குத் தெரிந்திருக்க வேண்டும். பெற்றோர், கூடப் பிறந்தவர்கள் யாருக்காவது குளுக்கோமா (பார்வை நரம்பு மெல்லக் கெடும் நோய்) இருந்தால் டாக்டர் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லிவிடுங்கள்.

கம்ப்யூட்டரில் வேலை பார்ப்பவர் என்றால் இன்னொன்று: வழக்கமாக உட்காருகிற மாதிரி உட்கார்ந்து, கண்ணிலிருந்து திரை வரை எத்தனை செ.மீ. என்று யாரையாவது டேப் பிடித்து அளக்கச் சொல்லிக் குறித்துப் போங்கள். புத்தகம் படிக்கும் தூரத்துக்குக் கொடுத்த பவரோடு திரையைப் பார்த்தால், தலையை முன்னால் நீட்டி நீட்டிக் கழுத்து வலிதான் மிச்சம்.

கே: கான்டாக்ட் லென்ஸ் போட்டுக்கொண்டே போகலாமா?

ப: எதற்குப் போகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. லென்ஸ் சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று பார்க்க என்றால் போட்டுக்கொண்டே வரச் சொல்வார்கள். கண்ணாடிக்குப் பவர் எடுக்க என்றால் கழற்றிவிட்டு வரச் சொல்லலாம். லேசர் சிகிச்சைக்கு அளவெடுக்க என்றால் சாஃப்ட் லென்ஸையே ஒரு வாரம், இரண்டு வாரம் முன்பு நிறுத்தச் சொல்வார்கள், கடின லென்ஸுக்கு இன்னும் அதிகம். லென்ஸ் கருவிழியின் வளைவை அழுத்தி மாற்றிவிடும், அது பழைய நிலைக்குத் திரும்ப அவகாசம் வேண்டும். நேரம் வாங்க போன் பண்ணும்போதே கேட்டுவிடுங்கள். லென்ஸ் வந்த அட்டைப்பெட்டியும் கையில் இருக்கட்டும், பவரோடு வளைவும் விட்டமும் அதில் அச்சடித்திருக்கும்.

கே: சொட்டு மருந்து விட்டபின் வண்டி ஓட்டிக்கொண்டு வீட்டுக்கு வரலாமா? பக்கம்தான்.

ப: கூடாது. பக்கமாக இருந்தாலும்.

கே: பரிசோதனை முடிந்து, அதே கட்டடத்தில் இருந்த கடையில் உடனே கண்ணாடிக்கு ஆர்டர் கொடுத்தேன். மறுநாள் நிதானமாகப் பார்த்தால் ஃபிரேம் முகத்துக்குப் பொருந்தவே இல்லை, பில்லில் நான் கேட்காத இரண்டு கோட்டிங் வேறு. லென்ஸ் வெட்டியாகிவிட்டது, திருப்பி எடுக்க மாட்டோம் என்கிறார்கள். என் தப்பா?

ப: உங்கள் தப்பு இல்லை. இதைப் பற்றி எழுத ரொம்ப நாளாகக் காத்திருந்தேன், கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

விழித்திரையைப் பார்ப்பதற்காகப் பாப்பாவை விரிக்கிற சொட்டு விடுகிறார்கள். அது பாப்பாவை மட்டும் விரிப்பதில்லை, கிட்டத்தில் பார்க்கக் கண்ணைக் கூர்மைப்படுத்துகிற தசையையும் தளர்த்திவிடும். பெரும்பாலானவர்களுக்கு நாலிலிருந்து ஆறு மணி நேரம், சிலருக்கு மறுநாள் வரைகூட, கிட்டத்தில் இருப்பது கலங்கலாகவும் விளக்கு வெளிச்சம் கண்ணைக் கூசுவதாகவும் இருக்கும். இந்த நிலையில் ஒரு மனிதரைக் கொண்டுபோய், பளிச்சென்று விளக்குப் போட்ட கண்ணாடி அலமாரி முன்னால் நிறுத்தி, லென்ஸே இல்லாத வெற்று ஃபிரேமை மாட்டிவிட்டு, "சூப்பரா இருக்கு சார்" என்று சொல்லி, பொடி எழுத்துப் பில்லில் கையெழுத்து வாங்குகிறார்கள். வாங்குபவருக்குக் கண் தெரியாத நேரத்தில் விற்பனை நடக்கிற கடை வேறெங்கே இருக்கிறது? மயக்க மருந்து கொடுத்துச் சேலை விற்பதுபோல இருக்கிறது.

நானும் அப்படி ஒரு ஃபிரேம் வாங்கினேன். பக்கத்துக் கம்பியில் கம்பெனி பெயர் கட்டைவிரல் அகலத்துக்குப் பளபளவென்று எழுதியிருந்தது வீட்டுக்கு வந்தபின்தான் தெரிந்தது. பில்லில் 'ப்ளூ கட்' கோட்டிங்கும் ஏறியிருந்தது. திரையிலிருந்து வரும் நீல ஒளியைத் தடுத்துக் கண் சோர்வைக் குறைக்கும் என்று சொல்லி விற்கிறார்களே, அதுதான். 2023-இல், மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 17 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து, சாதாரண லென்ஸோடு ஒப்பிட்டால் குறுகிய காலத்தில் கண் சோர்வில் அநேகமாக வித்தியாசம் இல்லை என்றது. சோர்வுக்குக் காரணம் வேறு: திரை முன்னால் நாம் கண் சிமிட்டுவது குறைகிறது, கண் உலர்கிறது, பார்வை ஒரே தூரத்தில் கட்டிப்போட்டதுபோல நிற்கிறது. 20 நிமிடத்துக்கு ஒருமுறை 20 அடி தள்ளி 20 வினாடி பார்த்தால் போதும், அதற்குப் பில் கிடையாது.

இப்போது நீங்கள் செய்ய வேண்டியது: ஆர்டர் படிவத்தின் நகலைக் கேளுங்கள். கோட்டிங் பற்றி உங்களிடம் சொன்னதற்கு அதில் தடயம் இல்லையென்றால், அந்தத் தொகையைத் திருப்பிக் கேட்டு எழுத்தில் கொடுங்கள், சொட்டு விட்ட நேரத்தையும் ஆர்டர் எடுத்த நேரத்தையும் குறிப்பிட்டு. வாயால் சண்டை போடாதீர்கள், அதில் அவர்களுக்குத்தான் பழக்கம் அதிகம். மற்றவர்களுக்கு: சீட்டைக் கையில் வாங்குங்கள், வீட்டுக்குப் போங்கள், இன்னொரு நாள் தெளிந்த கண்ணோடு பிடித்த கடைக்குப் போங்கள். "சீட்டு எங்க சிஸ்டத்திலேயே இருக்கு" என்றால், இருக்கட்டும், எனக்கும் ஒன்று அச்சடித்துக் கொடுங்கள் என்று சொல்லுங்கள்.

கே: புது மல்டிஃபோகல் கண்ணாடி போட்டால் தலை சுற்றுகிறது. கடையில் "பழகிடும்" என்கிறார்கள். ஒரு மாதம் ஆகிவிட்டது.

ப: தூரத்துக்கும் கிட்டத்துக்கும் ஒரே லென்ஸில் பவர் வைத்த அந்த வகைக்கு ஒன்றிரண்டு வாரம் பழக வேண்டியது உண்மை. ஒரு மாதம் என்பது பழக்கம் இல்லை, கோளாறு. கண்ணாடியையும் சீட்டையும் எடுத்துக்கொண்டு பரிசோதித்த இடத்துக்கே போய், சீட்டில் உள்ள பவர்தான் லென்ஸில் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். பவர் சரியாக இருந்தாலும், லென்ஸின் மையம் உங்கள் பாப்பாவுக்கு நேராக இல்லாவிட்டால் தலை சுற்றும். ஃபிரேமை முகத்தில் மாட்டிப் பாப்பாவின் உயரத்தைப் பேனாவால் லென்ஸில் குறித்தார்களா என்று யோசித்துப் பாருங்கள். குறிக்கவில்லையென்றால் குற்றவாளி கிடைத்துவிட்டார். மாற்றித் தரும் கெடு முடிவதற்குள் போங்கள்.

கே: ஆன்லைனில் அதே மல்டிஃபோகல் பாதி விலை. பாப்பாக்களுக்கு இடைப்பட்ட தூரம் கேட்கிறது, சராசரி 63 மி.மீ. என்று போட்டுவிடலாமா?

ப: செருப்பு வாங்கும்போது சராசரி அளவு போடுவீர்களா? மேலே இருக்கிற பதிலை மறுபடி படியுங்கள்.

கே: கண்ணாடி மேலேயே உட்கார்ந்துவிட்டேன், சீட்டும் தொலைந்துவிட்டது. சர்க்கரை வேறு ஏகத்துக்கு ஏறி, இப்போதுதான் மாத்திரை மாற்றியிருக்கிறார்கள். நாளைக்கே பவர் பார்த்து நல்ல விலையில் ஒன்று போட்டுவிடலாம் என்று இருக்கிறேன். எந்த லென்ஸ் நல்லது?

ப: நாளைக்கு எந்த லென்ஸும் நல்லதில்லை. சர்க்கரை ஏறி இறங்கும்போது கண்ணுக்குள் இருக்கும் லென்ஸின் பவரே மாறும். நாளை எடுக்கிற பவர், சர்க்கரை நிலைப்பட்டதும் உங்களுக்குப் பொருந்தாமல் போகும், அப்போது இன்னொரு கண்ணாடி வாங்கிக்கொண்டு எனக்கு இன்னொரு கடிதம் எழுதுவீர்கள். சில வாரம் சர்க்கரை நிலையாக இருக்கட்டும், அதுவரை மலிவாக ஒன்று வைத்துச் சமாளியுங்கள். ஆனால் டாக்டரிடம் போவதைத் தள்ளிப்போடாதீர்கள், விழித்திரையைப் பார்க்கச் சொல்லுங்கள். சர்க்கரைக்காரர்கள் வருடம் ஒருமுறை பார்க்க வேண்டியது அது. சீட்டு தொலைந்தது என்கிறீர்கள், போனில் ஒரு போட்டோ எடுத்து வைக்க எவ்வளவு நேரம் ஆகும்?

கே: இரண்டு நாளாக ஒரு கண்ணில் திடீரென்று நிறையப் பூச்சி பறக்கிறது, ஓரத்தில் மின்னல் வெட்டுகிறது. அடுத்த மாதம்தான் நேரம் கிடைத்திருக்கிறது. அதுவரை என்ன தயார் பண்ணலாம்?

ப: இன்றே போங்கள், நேரம் வாங்காமலே. விழித்திரை கிழிந்திருக்கலாம். உங்களுக்கு இந்தப் பத்தி வெளிவருவதற்கு முன்பே தனியாகப் பதில் அனுப்பிவிட்டேன். இங்கே போடுவது மற்றவர்களுக்காக. பார்வையில் திரை விழுந்த மாதிரி இருந்தாலும் இதே பதில்தான்.

கே: பரிசோதனைக்குப் போகும்போது கண்ணுக்கு மை போடலாமா?

ப: வேண்டாம். அழித்துவிட்டுத்தான் பார்ப்பார்கள்.