சென்னை–டெல்லி விமானம்: பத்து நிமிடத்துக்காகக் கூடுதல் கட்டணம் தரலாமா?

கேள்வி: ஜனவரியில் என் வயதான தாயாரைச் சென்னையிலிருந்து டெல்லிக்கு விமானத்தில் அழைத்துச் சென்று வர வேண்டும். தூரம் ஏறத்தாழ 1,760 கி.மீ.; விமானமோ மணிக்கு 800 கி.மீ.க்கு மேல் பறக்கிறது. கணக்குப்படி இரண்டேகால் மணி நேரம் போதும். ஆனால் ஒரு நிறுவனம் 2 மணி 45 நிமிடம் என்றும், மற்றொன்று 2 மணி 55 நிமிடம் என்றும் காட்டுகின்றன. முதல் விமானத்துக்கு 600 ரூபாய் கூடுதல். அதையே வாங்கலாமா?

பதில்: வேண்டாம். டிக்கெட்டில் இருப்பது வானில் பறக்கும் நேரம் மட்டுமன்று. சென்னையில் நிறுத்துமிடத்தை விட்டு விமானம் நகரத் தொடங்குவதிலிருந்து, டெல்லியில் நிறுத்துமிடத்துக்கு வந்து நிற்பது வரையிலான மொத்த நேரம் அது. விமானத் துறையினர் இதை ‘பிளாக் டைம்’ என்பர். ஓடுபாதைக்கு ஊர்ந்து செல்வது, முன்னே நிற்கும் விமானங்களுக்காகக் காத்திருப்பது, டெல்லிக்கு ஏறத்தாழ 200 கி.மீ. முன்பிருந்தே உயரத்தையும் பிறகு வேகத்தையும் குறைத்துக்கொண்டு வருவது, இறங்க அனுமதி கிடைக்கும்வரை வட்டமிடுவது ஆகிய எல்லாம் அதில் அடங்கும். 1,760 கி.மீ. என்பதும் நேர்க்கோட்டுத் தூரம்தான். விமானம் செல்லும் பாதை அதைவிடச் சற்று நீளும்.

அறிவித்த நேரத்திலிருந்து 15 நிமிடத்துக்குள் இயங்கினால் ‘குறித்த நேரத்தில் இயங்கியது’ என்று கணக்கிடுவதால், நிறுவனங்கள் அட்டவணையில் தாராளமாகவே நேரம் சேர்த்துக்கொள்கின்றன. எனவே 2.55 என்று போட்டிருப்பது மெதுவான விமானம் என்று பொருளாகாது. இரண்டும் ஒரே வகை விமானமாகவே இருக்கக்கூடும்.

பயணியின் உரிமை இந்த நேரத்தைப் பொறுத்தே அமைகிறது என்பது பலர் கவனிக்காத செய்தி. சிவில் விமானப் போக்குவரத்துத் தலைமை இயக்குநரகத்தின் விதிப்படி, பிளாக் டைம் இரண்டரை மணி நேரம் வரை உள்ள விமானம் 2 மணி நேரம் தாமதமானால் பயணிகளுக்கு உணவும் சிற்றுண்டியும் தர வேண்டும். இரண்டரை முதல் ஐந்து மணி நேரம் வரை உள்ளதற்கு அந்த வரம்பு 3 மணி நேரம். முறையாக முன்னறிவிக்காமல் விமானத்தை ரத்து செய்தால், 2 மணி நேரத்துக்கு மேற்பட்ட பயணத்துக்கு 10,000 ரூபாய் அல்லது ஒருவழி அடிப்படைக் கட்டணமும் எரிபொருள் கட்டணமும் சேர்ந்த தொகை, இவற்றில் எது குறைவோ அது இழப்பீடாகும். நீங்கள் சொல்லும் இரு விமானங்களும் ஒரே பிரிவில்தான் வருகின்றன. மோசமான வானிலை போன்ற, நிறுவனத்தின் கட்டுப்பாட்டை மீறிய காரணங்களுக்கு இந்த இழப்பீடு கிடையாது.

ஜனவரிப் பயணம் என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன். டெல்லியில் டிசம்பர், ஜனவரி மாதங்களில் அதிகாலை மூடுபனியால் விமானங்கள் மணிக்கணக்கில் தாமதமாவது வழக்கம். வயதானவரை நாற்காலியில் அப்படிக் காத்திருக்க வைப்பதைவிட, அந்த 600 ரூபாயைப் போகும்போதும் வரும்போதும் நண்பகலை ஒட்டிய விமானத்துக்குச் செலவிடுங்கள்.

பணம் கட்டுமுன், வழியில் ஹைதராபாத்திலோ மும்பையிலோ நிற்கும் சேவையா என்றும், டெல்லியில் எந்த முனையம் என்றும் பார்த்துவிடுங்கள். முதல் முனையமும் மூன்றாவதும் நடந்து போகும் தொலைவில் இல்லை. தாயாருக்குச் சக்கர நாற்காலி தேவையென்றால் டிக்கெட் எடுக்கும்போதே பதிவு செய்யுங்கள்.