தியானம், ஜெபம் என்று அமர்பவர்கள் சமூக நீதிக்காகவும் இறங்க முடியுமா? பல மதத்தார் உள்ள குழுவில் இது நடக்குமா?

நடக்கும். காரைக்குடிப் பக்கத்து ஆளான எனக்கு இதில் சந்தேகம் வந்ததே இல்லை. மறைந்த குன்றக்குடி அடிகளார் சைவ மடத்தின் தலைவராக இருந்தவர். மடத்துக்குள் பூசையோடு நிற்காமல், ஊர் மக்களுக்கு வேலை கிடைக்கக் கிராமத் திட்டம் போட்டு, காரைக்குடி மின்வேதியியல் ஆய்வக விஞ்ஞானிகளையும் அதில் சேர்த்துக்கொண்டார். 1982இல் குமரி மாவட்டத்து மண்டைக்காட்டில் இந்து, கிறித்தவர் கலவரம் மூண்டபோது நேரே போய் அமைதிக்காகப் பாடுபட்டார். கடவுளை மறுத்த பெரியாரோடும் அன்பாகப் பழகினார். நெற்றித் திருநீறு இதற்கெல்லாம் தடையாக இருக்கவில்லை.

எங்கள் குழு சிறியது, பெயர்ப்பலகைகூடக் கிடையாது. ஞாயிறு மாலை ஒரு பழைய வீட்டு வளவில், ஆத்தங்குடிக் கல் தரையில் எல்லாரும் உட்காருவோம். கான்வென்ட் சிஸ்டர் கையில் ஜெபமாலை, பாய் கையில் தஸ்பீஹ் மணிமாலை, ஆச்சி வாய்க்குள் ஐந்தெழுத்து. பொதுப் பிரார்த்தனை என்று ஒன்றைத் தயாரிக்க நாங்கள் முயலவில்லை. அப்படிச் செய்தால் ஆளாளுக்குக் கொஞ்சம் பொய் சொல்ல வேண்டிவரும். அந்தித் தொழுகைக்கு அழைக்கும் மஃரிப் பாங்குக்கு முன் மௌனம் முடிந்துவிடும். பாய் தொழுதுவிட்டு வந்த பிறகுதான் பேச்சு. யாருக்கு அநீதி நடந்ததோ அவர்தான் முதலில் பேச வேண்டும். இந்த ஒன்றில் மட்டும் கறாராக இருக்கிறோம்.

பக்கத்துக் கிராமத்துக் காலனிக்குச் சுடுகாட்டுப் பாதை இல்லை. திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர் கூட்டத்தில் கொடுக்க மனு எழுதலாம் என்று ஆச்சி தொடங்கினார். காலனியிலிருந்து வரும் அக்கா, "எழுதுறது இருக்கட்டும் ஆச்சி. மழைக்காலத்துல பொணத்தத் தூக்கிக்கிட்டு வரப்பு மேல நடந்து பாத்திருக்கீங்களா?" என்று கேட்டார். யாரும் சமாதானம் சொல்லவில்லை. வழக்கமான கூட்டமாக இருந்தால் நாலு பேர் ஒரே நேரத்தில் ஆறுதல் சொல்லி அந்தக் கேள்வியை அமுக்கியிருப்பார்கள். அடுத்த வாரம் எல்லாரும் அந்த வரப்பில் நடந்தோம். சேறு கணுக்கால் வரை. அப்புறம் எழுதிய மனுவில் "கருணை கூர்ந்து" என்ற சொல் இல்லை. சர்வே எண், புல வரைபட நகல், பாதை யார் பட்டாவில் போகிறது என்ற விவரம் எல்லாம் இருந்தன.

அந்தப் பட்டாக்காரர் எங்கள் குழுவிலேயே ஒருவருக்குப் பங்காளி. சமூக நீதியில் கஷ்டமான இடம் இதுதான் என்று நினைக்கிறேன். எதிரே நிற்பவர் நம் வீட்டு விசேஷத்துக்கு மொய் எழுதியவராக இருப்பார். கோஷம் போட்டுவிட்டு வந்துவிடலாம், அவர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து கோபமில்லாமல், ஆனால் விட்டுக்கொடுக்காமல் பேசுவதற்கு மனம் பழகியிருக்க வேண்டும். அந்தப் பழக்கத்தை எனக்குத் தந்தது அந்த மௌனம்தான்.

சிலர் "தியானத்துக்கு வந்தோம், அரசியல் எதுக்கு?" என்று விலகினார்கள். வேறு சிலருக்கு மௌனம் வீண் நேரமாகப் பட்டது. இரண்டு பக்கத்தையும் நான் ஏற்கவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து கண்ணை மூடியிருப்பவர் வீட்டுப் பிணம் போகப் பாதை இல்லை என்று தெரிந்தும் கண்ணைத் திறக்காத தியானம் எனக்கு வேண்டாம்.

சர்வேயர் வந்து அளந்துவிட்டார். பட்டாக்காரர் இன்னும் சம்மதிக்கவில்லை, பேசிக்கொண்டிருக்கிறோம். உங்கள் ஊரில் தொடங்குவதாக இருந்தால், இடத்தையும் நேரத்தையும் முடிவு செய்யும்போதே காலனி ஆட்களைக் கூப்பிடுங்கள். எல்லாம் முடிவான பிறகு கூப்பிட்டால் அவர்கள் விருந்தாளியாகத்தான் வருவார்கள்.