பாலத்துக்கு முன்னால் காலை எடுங்கள்

வண்டி, சாலை, பயணம் பற்றிய வாசகர் கேள்விகளுக்குப் பதில் சொல்பவர், மலேசியாவின் ஜொகூர் மாநிலத்தில், குளுவாங் வட்டாரச் செம்பனை (எண்ணெய்ப் பனை) தோட்டங்களில் 29 ஆண்டுகள் லோரி ஓட்டி ஓய்வு பெற்றவர்.

கேள்வி: குளுவாங்கில் தொழிற்சாலை வேலை முடித்து, ராத்திரியில் தனியாகக் கார் ஓட்டிக்கொண்டு காஹாங் பக்கம் உள்ள தோட்டத்துக்குத் திரும்புகிறேன். போன வாரம் பதினொன்றரை மணிக்கு ஒரு தாப்பிர் (பன்றி மாதிரி உடம்பும் நீண்ட மூக்கும் உள்ள பெரிய காட்டு மிருகம்) நடுரோட்டில் நின்றது. எப்படியோ நிறுத்திவிட்டேன். அன்றிலிருந்து ஸ்டேரிங்கைப் பிடித்தாலே கை நடுங்குகிறது. "மிருகம் வந்தால் ஒடிக்காதே, நேரே இடித்துவிடு" என்கிறார் வீட்டுக்காரர். அது சரியா?
– ஒரு வாசகி, காஹாங்

பதில்: தங்கச்சி, நீங்கள் நிறுத்திவிட்டீர்கள். நான் நிறுத்தவில்லை. அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

1997-இல் ஒரு ராத்திரி. கடைசி நடை குலை ஏற்றிக்கொண்டு மில்லுக்குப் போய்க்கொண்டிருந்தேன். மணி ஒன்று இருக்கும். மழை விட்டு ரோட்டில் ஆவி பறந்தது. ஒரு சின்னப் பாலத்துக்கு இறங்குகிற இடத்தில் விளக்குக்கு முன்னால் வெள்ளையாக ஏதோ கிடந்தது போலத் தெரிந்தது. யாரோ சாக்கைப் போட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள் என்று நினைத்தேன். தாப்பிரின் உடம்பு அப்படி. தலை, தோள், கால் எல்லாம் கறுப்பு. நடுவயிற்றிலிருந்து பின்பக்கம் வரை வெள்ளை. இருட்டில் கறுப்பு மறைந்துவிடும், வெள்ளை மட்டும் தனியாகத் தெரியும். மிருகம் என்று எனக்கு விளங்கிய நேரம் லோரி அதன்மேல் மோதிவிட்டது.

இறங்கிப் போய் டார்ச் அடித்துப் பார்த்தேன். குட்டித் தும்பிக்கை மாதிரி இருந்த அந்த மூக்கு இரண்டு மூன்று தடவை வளைந்து மோப்பம் பிடித்தது, பிறகு அதுவும் அடங்கிவிட்டது. முன்னங்காலில் நான்கு விரல், பின்னங்காலில் மூன்று. என்ன செய்வது என்று தெரியாமல் அதை எண்ணிக்கொண்டு நின்றேன். அப்போது ரோட்டோர லாலாங் புல்லுக்குள்ளிருந்து விசில் சத்தம் கேட்டது. மெலிசான, நீட்டு விசில். ஏதோ பறவை என்றுதான் நினைத்தேன். டார்ச்சைத் திருப்பினால், தர்பூசணிப் பழத்தில் இருப்பதுபோல உடம்பெல்லாம் வெள்ளைக் கோடும் புள்ளியுமாக ஒரு குட்டி. தாப்பிர் விசில் மாதிரிதான் குரல் கொடுக்கும் என்பது எனக்குப் பிறகுதான் தெரிய வந்தது. பதின்மூன்று மாதம் சுமந்து பெரும்பாலும் ஒரே ஒரு குட்டிதான் போடும் என்பதும் பிறகுதான் தெரிந்தது. குட்டி எப்போது காட்டுக்குள் போனது என்று நான் பார்க்கவில்லை. விசில் நின்றுபோனது மட்டும் ஞாபகம் இருக்கிறது.

என் தவறு மோதிய இடத்தில் நடக்கவில்லை, அதற்கு இருநூறு மீட்டர் முன்னாலேயே நடந்துவிட்டது. பாலம் வருகிறது என்று தெரிந்தும் நான் ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுக்கவில்லை.

கணக்கைப் பாருங்கள். 90 கிலோமீட்டர் வேகத்தில் கார் ஒரு நொடிக்கு 25 மீட்டர் ஓடும். கண் பார்த்து, மனசுக்கு எட்டி, கால் பிரேக்குக்கு வர ஒன்றரை நொடி ஆகும். அதற்குள் 38 மீட்டர் போய்விடும். பிறகு காய்ந்த ரோட்டிலேயே வண்டி நிற்க இன்னும் ஏறக்குறைய 45 மீட்டர் வேண்டும். இறக்கி வைத்த விளக்கு தெளிவாகக் காட்டுவது 40, 50 மீட்டர்தான். அதாவது நீங்கள் பார்க்கும்போதே நேரம் கடந்துவிட்டது. 60-இல் போனால் இரண்டும் சேர்த்து 45 மீட்டருக்குள் நின்றுவிடலாம். மழை நாளில் அதற்கும் கீழே போங்கள்.

வழி முழுக்க 60-இல் போக வேண்டும் என்று சொல்லமாட்டேன், வேலை முடிந்து வருபவருக்கு வீடு சேரும் அவசரம் இருக்கும். ஆனால் சில இடங்களில் காலை எடுத்தே ஆக வேண்டும். பள்ளத்தில் ஓடும் சிற்றாறும் அதன் மேல் உள்ள பாலமும் அதில் முதல். தாப்பிருக்குத் தண்ணீர்தான் உயிர், ஆற்றோரமாகவே நடந்து வந்து ரோட்டில் ஏறும். அடுத்து, ஒரு பக்கம் காடும் மறு பக்கம் செம்பனையும் இருக்கிற நீட்டு ரோடு.

எதிரே வண்டி இல்லாதபோது விளக்கை ஏற்றி வைத்தே ஓட்டுங்கள். மிருகம் தெரிந்தவுடன் இறக்கிவிடுங்கள். இருட்டுக்காக அதன் கண்மணி அகலமாக விரிந்திருக்கும், பெரிய வெளிச்சம் பட்டால் கண் கூசி நின்ற இடத்திலேயே நின்றுவிடும். கண் பளபளக்கும், அதை வைத்துக் கண்டுபிடித்துவிடலாம் என்றும் நம்பியிருக்காதீர்கள். காட்டுப் பன்றிக்கு அந்தப் பளபளப்பே கிடையாது.

வீட்டுக்காரர் சொன்னதில் பாதி சரி. ஒடிக்கக் கூடாது. ஒடித்துப் பெரிய கால்வாயில் விழுந்தவர்களையும், எதிரே வந்த லோரியில் மாட்டியவர்களையும் நான் தூக்கியிருக்கிறேன். முசாங் (மரநாய்), பாம்பு மாதிரி சின்ன உயிர் என்றால் நேரே பிடித்துக்கொண்டு பிரேக்கை மிதியுங்கள். தப்பினால் சந்தோஷம். ஆனால் "இடித்துவிடு" என்பது தாப்பிருக்கு ஆகாது. வளர்ந்த தாப்பிர் 300 கிலோவுக்குப் பக்கம் வரும், காரின் முன்பக்கம் உள்ளே போய்விடும். பிரேக்கை முழுசாக மிதித்து நேரே பிடியுங்கள். வேகம் நன்றாகக் குறைந்த பிறகும் இடம் போதவில்லை என்றால் மட்டும், அதன் வால் பக்கமாக விலகுங்கள். அது முன்னால்தான் ஓடும். அது கடந்து போனதும் உடனே கிளம்பிவிடாதீர்கள். பின்னால் குட்டி வரலாம்.

கை நடுக்கம் எனக்கும் பல வாரம் இருந்தது. நான்கைந்து ராத்திரி வீட்டுக்காரரைக் கூட்டிக்கொண்டு வாருங்கள். இடது ஓரத்தை அவர் பார்க்கட்டும், வலது ஓரத்தை நீங்கள் பாருங்கள். நடுக்கம் தானாக இறங்கிவிடும்.

கேள்வி: மெர்சிங் சாலையில் ஒரு சாப்பாட்டுக் கடையில் வேலை. கடை அடைத்து மோட்டாரில் வருவேன். யானை நின்றால் என்ன செய்வது?
– ஒரு வாசகர், குளுவாங்

பதில்: தம்பி, எங்கள் தோட்டத்தில் ராத்திரி நேரத்தில் அந்தப் பெயரையே யாரும் சொல்ல மாட்டார்கள். "பெரியவர் வந்திருக்கார்" என்பார்கள். மறுநடவு செய்த இடத்தைக் கடக்கும்போதுதான் கவனம் அதிகம் வேண்டும். இளஞ்செம்பனையின் குருத்தைத் தின்னத்தான் அவர் வருகிறார். ரோட்டில் ஈரச் சாணி கிடந்தால் பக்கத்திலேயே இருக்கிறார் என்று அர்த்தம்.

காருக்காவது நான்கு பக்கமும் தகரம் இருக்கிறது, உங்களுக்கு ஒன்றுமில்லை. எவ்வளவு தூரத்தில் பார்க்கிறீர்களோ அங்கேயே நின்று, மெதுவாக மோட்டாரைத் திருப்பி, வந்த வழியே போய்விடுங்கள். ஹாரன் வேண்டாம், விளக்கை ஏற்றி இறக்க வேண்டாம், ஆக்சிலேட்டரை முறுக்க வேண்டாம், படம் எடுக்க வேண்டவே வேண்டாம். ஒன்று கடந்துவிட்டது என்று நடுவில் புகுந்துவிடாதீர்கள். தாய்க்கும் குட்டிக்கும் நடுவில் போவதைவிட ஆபத்து வேறு இல்லை.

2025 மே 11, அன்னையர் தினத்து விடியற்காலையில், பேராக் மாநிலத்தில் கிரிக் பக்கம் கிழக்கு மேற்கு நெடுஞ்சாலையில் ஒரு குட்டி யானை லோரியில் அடிபட்டு இறந்தது. குட்டி லோரிக்கு அடியில் கிடக்க, தாய் மணிக்கணக்கில் லோரியோடு தலையை வைத்து நின்றதைப் படத்தில் பார்த்திருப்பீர்கள். என்னால் அதை முழுசாகப் பார்க்க முடியவில்லை. ஓட்டியவரைத் திட்டியவர்கள் பலர். நான் திட்டமாட்டேன். இறக்கிய விளக்கில் யானையின் கால்தான் தெரியும், சாம்பல் நிறம் தாருடன் கலந்துவிடும். அதனால்தான் யானைப் படம் போட்ட மஞ்சள் பலகையைப் பார்த்ததும், யானை கண்ணில் படுவதற்கு முன்பே, வேகத்தைக் குறைக்கச் சொல்கிறேன். மெர்சிங்கில் தியோமான் தீவுப் படகைப் பிடிக்க கோலாலம்பூரிலிருந்து ராத்திரியோடு ராத்திரியாக வரும் உறவுக்காரர்கள் இருந்தால் அவர்களுக்கும் சொல்லிவையுங்கள்.

கேள்வி: மிருகத்தை மோதிக் கார் சேதமானால் காப்புறுதி கிடைக்குமா? செத்த மிருகத்தை என்ன செய்வது?
– ஒரு வாசகர், பாலோ

பதில்: முழுக் காப்புறுதி எடுத்திருந்தால் கோரலாம். மூன்றாம் தரப்பு மட்டும் என்றால் உங்கள் காருக்குக் கிடைக்காது. கோரினால், கோராமல் இருந்த ஆண்டுகளுக்காகச் சேர்த்து வைத்த என்சிடி தள்ளுபடி போய்விடும். 55 விழுக்காடு வரை சேர்த்தவர்கள் சின்னச் சேதத்துக்குக் கோருவதற்கு முன் கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும். 24 மணி நேரத்துக்குள் போலீஸ் புகார் செய்துவிடுங்கள்.

அடிபட்ட மிருகத்தின் அருகில் போகாதீர்கள். அபாய விளக்கைப் போட்டுவிட்டு, 999-க்கு அழைத்துக் கிலோமீட்டர் கல்லின் எண்ணைச் சொல்லுங்கள், வனவிலங்குத் துறைக்கும் தகவல் போகட்டும். இறைச்சிக்காகத் தூக்கிக்கொண்டு போகும் பழக்கம் தோட்டங்களில் இருந்தது, எனக்கும் தெரியும். தாப்பிரும் யானையும் 2010-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் முழுப் பாதுகாப்புப் பெற்றவை. கை வைக்காதீர்கள்.

கேள்வி: தோட்டத்து மண் ரோட்டில் ராத்திரி கார் கண்ணாடிக்கு முன்னால் சத்தமே இல்லாமல் வெள்ளையாக ஒன்று பறக்கிறது. பேய் என்கிறாள் என் மாமியார். பயமாக இருக்கிறது.
– ஒரு வாசகி, குளுவாங்

பதில்: அம்மா, அது கூகை. செம்பனைப் பழத்தைத் தின்னும் எலியைப் பிடிப்பதற்காகவே தோட்டங்களில் கம்பம் நட்டுப் பெட்டி வைத்து வளர்க்கிறார்கள். பகலில் போய்ப் பாருங்கள், மரங்களுக்கு நடுவே உயரமான கம்பத்தில் பெட்டி இருக்கும். எலி ரோட்டைக் கடக்கும்போது அது தாழப் பறந்து வந்து பிடிக்கும், அதனால்தான் வண்டியில் அடிபடுகிறது. பெட்டி இருக்கும் பக்கம் 40-க்கு மேல் போகாதீர்கள். பழந்தின்னி வௌவாலின் மலாய்ப் பெயரான கெலுவாங்கிலிருந்து பெயர் பெற்ற ஊர் நம் ஊர். ராத்திரியில் பறப்பவை இங்கே நமக்கு முன்பிருந்தே இருக்கின்றன. மாமியாரையும் ஒரு நாள் பகலில் கூட்டிப்போய் அந்தப் பெட்டியைக் காட்டுங்கள்.